படியில் உட்கார்ந்தவள் எழுதுகிறேன்

ஞாயிற்றுக்கிழமை கொழும்பு வெள்ளவத்தைக் கல்யாண மண்டபத்தில் தலை சுற்றி நான் படியில் உட்கார்ந்த கதை இதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். படத்தைப் போட்டு "விரதம் கூடிப்போச்சு" என்று எழுதியவருக்குச் சிரிப்பு நன்றாகவே விழுந்திருக்கிறது. கீழே பிறஷர், மனப்பிரமை, மல்லித்தண்ணி குடி என்று ஆளாளுக்கு எழுதியிருக்கிறார்கள். சந்தோஷம்.

நான் விரதம் இல்லை. இரண்டு வடையும் கேசரியும் உள்ளே போயிருந்தன. பிறஷரும் இல்லை. மணவறை அலங்காரத்தைப் பார்க்கத் தலையை நிமிர்த்தினேன், மண்டபம் சுழன்றது. அது காது.

உட்காதில் கண்ணுக்குத் தெரியாத கல்சியம் துகள்கள் உண்டு. சில கழன்று, தலை திரும்புவதை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிட்டால், தலையை அசைக்கும்போதெல்லாம் நாம் சுழல்வதாக மூளைக்குப் பொய்ச் செய்தி போகும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்குக் கூடுதலாக வரும், தலையில் அடிபட்டாலும் வரும். மனப்பிரமையால் இந்தக் கல் கழலாது ஐயா.

எனக்கு முதலில் வந்தது போன வருடம். விடியற்காலை கரண்ட் இல்லை, ஃபேன் அசையாமல் நின்றது. வலப்பக்கம் புரண்டேன், ஃபேன் நிற்க அறை சுற்றியது. பக்கத்துக் கிளினிக்கில் பிறஷர் பார்த்துவிட்டுக் குளிசை தந்தார்கள். மூன்று மாதம் விழுங்கினேன். தூக்கம்தான் வந்தது, நடை இன்னும் தள்ளாடியது. அந்தக் குளிசைகள் சில நாள் குமட்டலுக்குச் சரி. நீட்டினால் மூளை தானாகச் சமநிலைக்குப் பழகுவதையே தாமதமாக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு காது மூக்குத் தொண்டை டொக்டர், தலையை ஒரு பக்கம் திருப்பிப் பிடித்து என்னைச் சட்டென்று சாய்த்தார். கண் துடிப்பதைப் பார்த்தார். பிறகு தலையைப் படிப்படியாக மறுபக்கம் உருட்டினார். எப்லி என்ற அமெரிக்க டொக்டர் 1980இல் சொன்ன முறையாம். கல் வந்த வழியே திரும்பிப் போக வேண்டும், அவ்வளவுதான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் அழுதுவிட்டேன். திரும்ப வரலாம் என்றும் சொன்னார். வந்தது, ஞாயிற்றுக்கிழமை, உங்கள் எல்லோர் முன்னாலும்.

"எல்லாத் தலைச்சுற்றும் காதா?" என்று கேட்பீர்கள். இல்லை. ஒற்றைத் தலைவலியாலும் வரும். காது இரைந்து, காது கேட்பது குறைந்து, மணிக்கணக்கில் சுற்றினால் அது மெனியர் என்ற இன்னொரு உட்காது நோயாக இருக்கலாம். பேச்சுக் குழறினால், பார்வை இரட்டித்தால், உடம்பில் ஒரு பக்கம் வலுவிழந்தால், பதிவு வாசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், அது பக்கவாதமாக இருக்கலாம். கழுத்து வருத்தம் உள்ளவர்கள் வீடியோ பார்த்துத் தாங்களே தலையை உருட்டவும் வேண்டாம்.

"கூகிள் டொக்டராகிவிட்டாயா?" இதற்குப் பதில் இல்லை.

"கை மருந்தை இழிவுபடுத்துகிறாய்." மல்லித்தண்ணி நானும் குடிக்கிறவள்தான். அது தொண்டை வழியாகப் போகிறது, உட்காதுக்குப் போவதில்லை.

சரி, கல்லை விடுங்கள். அன்று படியில் இருந்தபோது ஐந்து பேர் ஆலோசனை சொன்னார்கள், ஒருவர் எலுமிச்சம்பழம் கொடுத்தார், ஒருவர் படம் எடுத்தார். கையைப் பிடித்தது சாப்பாடு பரிமாற வந்த பையன் மட்டும். சிங்களத்தில் "நோனா, ஹெமின்" என்றான், அம்மா மெதுவாக என்று. இருபது வருடமாக என் வீட்டில் தோசை சாப்பிட்ட மாமி, தன் சேலையில் வாந்தி பட்டுவிடுமோ என்று கதிரையை நகர்த்தினார். அதையும் படம் எடுத்திருக்கலாம்.

அடுத்த மாதம் அதே மண்டபத்தில் இன்னொரு கல்யாணம். அழைப்பிதழ் வந்துவிட்டது. போவேன். அலங்காரத்தை மட்டும் நிமிர்ந்து பார்க்க மாட்டேன்.