அம்மா ஏன் குளிசையைப் பாதியாக வெட்டுகிறார்?

போன கிழமை ஊருக்குப் போயிருந்தேன். இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு அம்மா குசினிக்குள் நின்று, பழைய பிளேடு ஒன்றால் பிரஷர் குளிசையைப் பாதியாக வெட்டிக்கொண்டிருந்தார். டொக்டர் குறைக்கச் சொன்னாரா என்று கேட்டேன். இல்லையாம். "மாசக் கடைசி மட்டும் காணாது தம்பி, அதுதான்" என்றார். ஏதோ சீனியை மிச்சம் பிடிக்கிற மாதிரிச் சொன்னார். அன்றைக்கு இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அம்மாவுக்கு ஐந்து வகை மருந்து. முந்தியெல்லாம் கிளினிக்குக்குப் போனால் ஐந்தையும் அங்கேயே பையில் போட்டுத் தருவார்கள். இப்போது இரண்டைத் தந்துவிட்டு மற்ற மூன்றையும் துண்டில் எழுதி, "வெளியில எடுங்கோ அம்மா" என்கிறார்கள். அந்தத் துண்டுக்கு பாமசியில் மாதம் நாலாயிரத்துச் சொச்சம் ரூபா போகிறது. மருந்து தருகிற பிள்ளையில் எனக்குக் கோபம் இல்லை. காலை ஆறு மணிக்கு வரிசையில் நிற்கிற முன்னூறு பேருக்கு இரண்டு பேராக நின்று மருந்து கட்டுகிறார்கள். இல்லாத மருந்தை அவர்கள் எங்கே போய் எடுப்பது?

எனக்குக் கோபம் வருவது, 2022 பொருளாதார நெருக்கடியிலிருந்து "இலங்கை மீண்டுவிட்டது" என்று சொல்லும்போதுதான். எதைக் காட்டிச் சொல்கிறார்கள்? பணவீக்கத்தை. 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். இரண்டு வருடம் கழித்து அது பூச்சியத்துக்கும் கீழே. சரி, உண்மைதான். ஆனால் 70 வீதம் ஏறின விலை திரும்பிப் பழைய இடத்துக்கு இறங்கவில்லையே! ஏறுவது நின்று, கொஞ்சம்தான் இறங்கியது. பாண், பருப்பு, பிள்ளையின் அப்பியாசக் கொப்பி, எதுவும் பழைய விலைக்கு வரவில்லை. அந்த விலைக்கு ஏற்ற சம்பளம் எங்கள் வீட்டில் யாருக்கும் வரவில்லை. 2019 இல் இருந்ததைவிட 2023 இல் வறுமை இரண்டு மடங்குக்கும் மேல், நாலு பேரில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே என்று உலக வங்கியே சொன்னது. அந்த நாலில் ஒருவரிடம் போய், நாடு மீண்ட கதையைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

இது எப்படி வந்தது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019 கடைசியில் கோட்டாபய ராஜபக்ச ஆட்சிக்கு வந்த கையோடு, சாமான் வாங்கும்போது எல்லாரும் கட்டுகிற வற் வரியை (பெறுமதி சேர் வரியை) 15 வீதத்திலிருந்து 8 வீதமாக வெட்டினார்கள். யார் கேட்டது? என் அம்மாவா கேட்டார்? அரசாங்கத்தின் வருமானம் விழுந்தது, டொலர் கரைந்தது, 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். பிறகு அதே வற் வரி 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆகியது. அதுவரை வரி இல்லாமல் இருந்த சமையல் காஸுக்கும் எரிபொருளுக்கும்கூட அன்றிலிருந்து வற். பணக்காரனும் அம்மாவும் ஒரே சிலிண்டருக்கு ஒரே வரியைக் கட்டுகிறார்கள். அவனுக்கு அது தெரியவே தெரியாது. அம்மாவுக்கு அது இரண்டு நாள் மரக்கறிக் காசு.

மண்ணெண்ணெய்க் கதை இதைவிட மோசம். 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக்கினார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணை சின்னப் போட்டில் கடலுக்குப் போகிறவர். இஞ்சினுக்கு மண்ணெண்ணெய்தான். ஒரு தடவை போய் வர 20 லீற்றர் என்றால் முந்தி 1,740 ரூபா, அடுத்த நாள் 6,800 ரூபா. மீன் படுமா படாதா என்று தெரியாமல் அவ்வளவு காசைக் கடலில் ஊற்ற யாரால் முடியும்? நாள்கணக்கில் போட் கரையிலேயே கிடந்தது. வெங்காயத்துக்கு மெஷினால் தண்ணீர் இறைக்கிற சனத்துக்கும் அதே அடி. பிறகு விலை குறைந்தது என்று சொல்வார்கள். குறைந்தது. பழைய 87க்கு வந்ததா?

கரண்ட் பில்லையும் எடுங்கள். மாதம் 30 யூனிட்டுக்குள் பாவிக்கிற வீடு என்றால் அங்கே இரண்டு மூன்று லைட்டும் ஒரு ஃபானும் இருக்கும், வேறு என்ன இருக்கப் போகிறது? 2022 ஓகஸ்டுக்கு முன் அந்த வீட்டுக்கு யூனிட் 2.50, நிலையான கட்டணம் 30, ஆக மொத்தம் 105 ரூபா. 2023 பெப்ரவரியில் யூனிட் 30, நிலையான கட்டணம் 400. கூட்டிப் பாருங்கள், 1,300 ரூபா. பன்னிரண்டு மடங்குக்கும் மேல்! குளிரூட்டி போட்டுப் படுக்கிற வீட்டின் பில் பன்னிரண்டு மடங்கு ஏறியதா? இல்லை. ஆகக் குறைவாகப் பாவித்தவர்களுக்குத்தான் ஆகப் பெரிய ஏற்றம். பிறகு குறைத்தார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கட்ட முடியாமல் இலட்சக்கணக்கான வீடுகளில் இணைப்பைத் துண்டித்தார்களே, அந்த வீடுகளில் குப்பி விளக்கில் படித்த பிள்ளைகளுக்கு எந்தக் கட்டணக் குறைப்பு அந்த மாதங்களைத் திருப்பிக் கொடுக்கும்?

என்னால் எந்தக் காலமும் மன்னிக்க முடியாதது ஊழியர் சேமலாப நிதியில் கை வைத்ததுதான். என் தங்கச்சி கிளிநொச்சிப் பக்கம் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தைக்கிறாள். மாதாமாதம் அவளுடைய சம்பளத்தில் 8 வீதம் அந்த நிதிக்குப் போகிறது, முதலாளி 12 வீதம் போடுகிறார். கழுத்தும் முதுகும் போன பிறகு அவளிடம் மிஞ்சப் போவது அது ஒன்றுதான். 2023 ஜூலை 1, சனிக்கிழமை. நாடாளுமன்றத்தைக் கூட்டி உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை நிறைவேற்றினார்கள். சேமலாப நிதியம் தன் கையிலிருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசாங்கத்துக்குக் கொடுத்த கடனுக்கான பத்திரங்களை, குறைந்த வட்டி முறிகளுக்கு மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் அந்த நிதியத்தின் வருமானத்துக்கான 14 வீத வரி 30 வீதம் ஆகும் என்றார்கள். இதற்குப் பெயர் விருப்பத் தெரிவாம். அதே மாதிரி முறிகளை வைத்திருந்த வங்கிகளை விட்டுவிட்டார்கள். அவை ஏற்கனவே கூடுதலாக வரி கட்டுகின்றன, விழுந்தால் ஆபத்து என்பது காரணம். என் தங்கச்சி விழுந்தால் யாருக்கும் ஆபத்து இல்லையா?

"காசு இல்லாத அரசாங்கம் வேறு என்ன செய்யும்?" என்று என்னிடம் கேட்கிறார்கள். காசு இல்லை என்பது எனக்கும் தெரியும். பெற்றோல் வரிசையில் இரண்டு இரவு படுத்தவன் நான். சர்வதேச நாணய நிதியத்திடம் போகாமல் விட்டிருக்கலாம் என்றும் நான் சொல்லவில்லை. யாரிடமிருந்து முதலில் எடுத்தீர்கள் என்பதுதான் என் கேள்வி. வட்டி கட்டுவதற்கு முன் அரசாங்கத்தின் கையில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 வீதம் மிச்சம் இருக்க வேண்டும் என்பது நிதியத்தோடு செய்த ஒப்பந்தம். அந்த மிச்சம் வானத்திலிருந்து விழாது. ஒன்றில் வரியாக வர வேண்டும், இல்லாவிட்டால் செய்யாத செலவாக இருக்க வேண்டும். செய்யாத செலவு என்றால் என்ன? நிரப்பாத தாதியர் இடம், கணக்குக்கு ஆசிரியர் இல்லாத வகுப்பு, அம்மாவின் கையிலிருக்கிற அந்தத் துண்டு.

இதைச் செய்தவர்களுக்கு என்ன நடந்தது? 2023 நவம்பர் 14 அன்று உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பொன்றைத் தந்தது. முன்னாள் ஜனாதிபதிகள் கோட்டாபய, மகிந்த, முன்னாள் நிதி அமைச்சர் பசில் ராஜபக்ச, மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர் கப்ரால் உட்படப் பலர் பொருளாதாரச் சீரழிவுக்குப் பொறுப்பு, மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. தண்டனை? வழக்குப் போட்டவர்களுக்கு வழக்குச் செலவாகத் தலைக்கு 150,000 ரூபா கொடுக்க வேண்டும். மக்களுக்கு நட்டஈடு இல்லை. எந்தத் தீர்ப்பிலும் பெயர் வராத அம்மா மாதாமாதம் நாலாயிரம் கட்டுகிறார்.

ஊரிலிருந்து திரும்பும்போது மூன்று மாதத்துக்கான மருந்தை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். இனி வெட்ட வேண்டாம், முழுசாகப் போடுங்கோ என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். நேற்றுப் போனில் கேட்டால் இன்னும் பாதிதான் போடுகிறாராம். மற்றப் பாதியைப் பக்கத்து வீட்டு அண்ணையின் மனுசிக்குக் கொடுக்கிறாராம். அந்த அக்காவுக்கும் கிளினிக்கில் அதே குளிசையைத்தான் துண்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.