எபெனேசர் ஆள் அல்ல, கல்!

கிறிஸ்தவர்கள் வைக்கும் 'எபெனேசர்' என்ற பெயருக்கு 'உதவி செய்பவர்' என்று அர்த்தம் என உங்கள் கட்டுரையில் போட்டிருக்கிறீர்கள். பாதிதான் சரி. எபிரெயத்தில் 'எபென்' என்றால் கல், 'ஏசெர்' என்றால் உதவி. வேதாகமத்தில் அந்தப் பெயரில் ஆளே கிடையாது! இஸ்ரவேலர் தங்கள் எதிரிகளான பெலிஸ்தரை முறியடித்த பிறகு, தீர்க்கதரிசி சாமுவேல் மிஸ்பாவுக்கும் சேணுக்கும் நடுவே ஒரு கல்லை நிறுத்தி, 'இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்' என்று சொல்லி அந்தக் கல்லுக்கு வைத்த பெயர்தான் எபெனேசர் (1 சாமுவேல் 7:12). வேடிக்கை என்னவென்றால், அதற்கு மூன்று அதிகாரம் முன்னால், அதே பெயருள்ள இடத்துக்குப் பக்கத்தில் பாளயமிறங்கித்தான் இஸ்ரவேலர் அதே பெலிஸ்தரிடம் தோற்று, பத்துக் கட்டளைகளின் கற்பலகைகள் இருந்த புனிதமான உடன்படிக்கைப் பெட்டியையும் பறிகொடுத்தார்கள்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் 'எபெனேசர் இல்லம்' என்று கல்லில் செதுக்கி, கீழே 'இம்மட்டும்' என்று ஒரே ஒரு வார்த்தை போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அர்த்தம் தெரிந்திருக்கிறது.