கல்லூரி அனுப்பும் நிதியுதவிக் கடிதத்தில் உதவி எவ்வளவு, கடன் எவ்வளவு?

அமெரிக்காவில் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பப்போகும் நம் ஆட்கள் நாலு பேர் கூடினால் எஸ்ஏடி மதிப்பெண், ஏபி வகுப்பு, எங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் என்று மணிக்கணக்கில் பேசுவோம். பணப் பேச்சு வந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும். "நமக்கெல்லாம் எங்கே எய்டு கொடுக்கப்போறான்" என்று ஒருவர் முடித்துவைப்பார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அதோடு சரி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிதியுதவியைத் தர்மம் என்று நினைத்துச் சிலர் ஒதுங்கிவிடுகிறோம். வேறு சிலர் பரிசு என்று நினைத்து, வந்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். அது தர்மமும் இல்லை, பரிசும் இல்லை. விதியும் கெடுவும் கணக்கும் உள்ள அரசாங்க நடைமுறை. அதைப் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்கிற குடும்பத்துக்கும், பேசாமல் வாங்கிக்கொள்கிற குடும்பத்துக்கும் நாலு வருடத்தில் பல்லாயிரம் டாலர் வித்தியாசம் வரக்கூடும்.

முதலில் "நமக்குக் கிடைக்காது" என்ற பேச்சு. எச்-1பி, எச்-4, எஃப்-1 விசாவில் இருக்கும் மாணவருக்கு மத்திய அரசின் உதவி கிடையாது, அது உண்மை. ஆனால் பிள்ளை இங்கே பிறந்த குடிமகன், அப்பா அம்மா மட்டும் எச்-1பி என்றால்? பிள்ளைக்குத் தகுதி உண்டு. மத்திய அரசின் நிதியுதவிக்கான விண்ணப்பமான ஃபாஃப்சா படிவத்தில் பார்க்கப்படுவது மாணவரின் குடியுரிமை நிலைதான். பெற்றோருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாவிட்டாலும் 2024-25லிருந்து அவர்களும் ஆன்லைனில் கணக்குத் தொடங்கித் தங்கள் பகுதியை நிரப்பலாம். இது தெரியாமல் படிவத்தையே தொடாத வீடுகள் நம்மிடையே நிறைய இருக்கின்றன என்பது என் அனுபவம்.

வருமானம் அதிகம், அதனால் வேண்டாம் என்பது இன்னொரு சமாதானம். வருமானம் குறைந்தவர்களுக்கு மத்திய அரசு தரும், திருப்பிக் கட்ட வேண்டாத பெல் கிராண்ட் கிடைக்காமல் போகலாம். 2025-26க்கு அதன் உச்சவரம்பே 7,395 டாலர்தான். ஆனால் மாணவர் பெயரில் எடுக்கும் மத்திய அரசுக் கடனுக்கு ஃபாஃப்சா கட்டாயம். பல மாநிலங்களும் கல்லூரிகளும் தங்கள் சொந்த உதவித்தொகைக்கும் அதைத்தான் கேட்கின்றன. குடியிருக்கும் வீட்டின் மதிப்பையும் 401கே ஓய்வுக்காலச் சேமிப்பையும் ஃபாஃப்சா சொத்தாக எடுத்துக்கொள்வதில்லை. ஊரில் வாங்கிப் போட்டிருக்கும் மனையை மட்டும் மறந்துவிடாதீர்கள். குடியிருக்கும் வீடு தவிர்த்த நிலம், வீடு எந்த நாட்டில் இருந்தாலும் முதலீடுதான், காட்டத்தான் வேண்டும். (இதைச் சொன்னதும் பேச்சை மாற்றும் முகங்களை நான் பார்த்திருக்கிறேன்.) தனியார் கல்லூரிகள் சில இதற்கு மேல் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற இன்னொரு படிவமும் கேட்கும். அதில் குடியிருக்கும் வீட்டைப் பற்றியும் கேள்வி வரும்.

இன்னொன்று. இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கல்லூரியில் படித்தால் குடும்பத்தின் பங்கு பாதியாகும் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மத்திய அரசுக் கணக்கில் அந்தச் சலுகை 2024-25லேயே போய்விட்டது. சில தனியார் கல்லூரிகள் தங்கள் சொந்தப் பணத்தைக் கொடுக்கும்போது மட்டும் அதைக் கணக்கில் எடுக்கலாம்.

சரி, கடிதத்துக்கு வருவோம். எனக்கு இந்த முறையில் மிகுந்த கோபம் இருப்பது இங்கேதான்.

கல்லூரி அனுப்பும் உதவிக் கடிதம் எப்படி இருக்கும்? ஒரு மாதிரி போட்டுக் காட்டுகிறேன். வருடச் செலவு 48,000 டாலர். கீழே வரிசையாக: டீன் ஸ்காலர்ஷிப் 14,000, சப்சிடைஸ்ட் லோன் (படிக்கும்போது வட்டியை அரசே ஏற்கும் மாணவர் கடன்) 3,500, அன்சப்சிடைஸ்ட் லோன் (முதலிலிருந்தே வட்டி ஏறும் மாணவர் கடன்) 2,000, வொர்க்-ஸ்டடி 2,500, பேரன்ட் ப்ளஸ் (பெற்றோர் பெயரில் வாங்கும் மத்திய அரசுக் கடன்) 20,000. கூட்டினால் 42,000. அடியில் தடித்த எழுத்தில் "நீங்கள் கட்ட வேண்டியது 6,000". மொய் நோட்டில் கைமாற்று வாங்கியதையும் சேர்த்து எழுதிக் கூட்டிக் காட்டினால் எப்படியோ, அப்படித்தான் இது. திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம் இதில் 14,000 மட்டுமே. உண்மையான விலை 34,000. வொர்க்-ஸ்டடி என்பது கையில் தரும் பணம் இல்லை. பிள்ளை வளாகத்தில் ஒரு வேலையைத் தேடிப் பிடித்து, உழைத்த மணி நேரத்துக்குச் சம்பளமாக வாங்குவது. வேலை கிடைக்காவிட்டால் அந்த 2,500 வெறும் எழுத்துதான். செமஸ்டர் ஆரம்பத்தில் கட்ட வேண்டிய கட்டணத்துக்கும் அது உதவாது.

இது என் புலம்பல் மட்டும் இல்லை. அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2022இல் இதையே ஆராய்ந்தது. உண்மையில் கட்ட வேண்டிய நிகர விலையைச் சொல்லாமல் விட்ட, அல்லது குறைத்துக் காட்டிய கல்லூரிகள் சுமார் 91 சதவீதம் என்று கணித்தது. பத்தில் ஒன்பது! ஆகவே கடிதம் வந்ததும் நீங்களே ஒரு தாளை எடுத்து, கடன் என்று வரும் எல்லா வரிகளையும் வொர்க்-ஸ்டடியையும் அடித்துவிட்டு மறுபடி கூட்டுங்கள். எல்லாக் கல்லூரிகளையும் அந்த எண்ணை வைத்து மட்டுமே ஒப்பிடுங்கள்.

அப்புறம், அந்த ஸ்காலர்ஷிப் நாலு வருடத்துக்குமா, முதல் வருடத்துக்கு மட்டுமா? எத்தனை ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) இருந்தால் தொடரும்? வெளியே ஒரு அறக்கட்டளையில் பிள்ளை 3,000 டாலர் வாங்கிவந்தால் கல்லூரி தன் பங்கில் 3,000ஐக் குறைத்துக்கொள்ளுமா, கடனைக் குறைக்குமா? இவற்றுக்கான பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். போனில் சொன்னதை யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

பேரன்ட் ப்ளஸ் கடனைப் பற்றி எனக்குக் கறாரான அபிப்பிராயம் உண்டு. பெரிய பெயருள்ள கல்லூரிக்காக ஐம்பது வயதில் அப்பாவும் அம்மாவும் வருடத்துக்கு 20,000 கடன் வாங்குவது தப்பு. மாணவர் கடனைவிட வட்டி அதிகம். போதாததற்கு 4.228 சதவீதம் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டுதான் கொடுக்கிறார்கள். 20,000க்குக் கையெழுத்துப் போட்டால் கல்லூரிக்குப் போய்ச் சேருவது சுமார் 19,154. மாணவர் கடனில் அந்தப் பிடித்தம் 1.057 சதவீதம்தான். 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்கும் பெற்றோருக்கு ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 20,000, மொத்தம் 65,000 என்று வரம்பு வைத்துவிட்டார்கள். நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் மிச்சத்துக்குத் தனியார் வங்கிக் கடனை நோக்கி ஓடாமல் இருக்க வேண்டும்.

இப்போது கல்லூரியிடம் கூடுதல் உதவி கேட்பது பற்றி. ஃபாஃப்சா இரண்டு வருடம் பழைய வருமானத்தைப் பார்க்கிறது. 2026-27க்கு 2024ஆம் ஆண்டின் வரிக் கணக்கு. இடையில் வேலை போயிருக்கலாம், பெரிய மருத்துவச் செலவு வந்திருக்கலாம், குடும்பம் பிரிந்திருக்கலாம். படிவத்துக்கு அது எதுவும் தெரியாது. ஆனால் கல்லூரியின் நிதியுதவி அலுவலகமான எய்டு ஆபீஸில் இருப்பவருக்கு அந்த எண்களை மாற்றிக் கணக்கிடச் சட்டமே அதிகாரம் கொடுத்திருக்கிறது. ப்ரொஃபெஷனல் ஜட்ஜ்மென்ட் என்பார்கள். இப்படி வரும் கோரிக்கை எல்லாவற்றையும் மறுத்துவிடுவோம் என்று ஒரு கல்லூரி கொள்கை வைத்துக்கொள்ளவும் இப்போது சட்டம் அனுமதிப்பதில்லை.

நம் ஆட்கள் கடிதம் எழுதினால் ஒன்று கெஞ்சுவார்கள், இல்லாவிட்டால் பிள்ளையின் பெருமை பாடுவார்கள். இரண்டுமே வேண்டாம். எந்தத் தேதியில் வேலை போனது, முன்பு மாத வருமானம் என்ன, இப்போது என்ன, இணைப்பில் பணிநீக்கக் கடிதம், வேலையிழப்பு உதவித்தொகை ரசீது. ஒரு பக்கம் போதும். "வேறொரு கல்லூரி அதிகம் கொடுத்திருக்கிறது, நீங்களும் கொடுங்கள்" என்பது வேறு ரகக் கோரிக்கை. அது மதிப்பெண்ணுக்கான உதவித்தொகையைப் பற்றியது. சில கல்லூரிகளில் அதை அட்மிஷன்ஸ் ஆபீஸ்தான் பார்க்கும். இரண்டையும் ஒரே கடிதத்தில் குழப்பினால் இரண்டும் கெடும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் வேலை போய் எட்டு மாதமாகியும் கல்லூரிக்குத் தெரிவிக்கவில்லை. "நம்ம கஷ்டத்த ஏன் அவங்ககிட்ட சொல்லணும்?" என்றார். வரி கட்டிய ஆவணத்தைக் கொடுத்தபோது போகாத மானம், வேலை போன ஆவணத்தைக் கொடுத்தால் மட்டும் எப்படிப் போகும் என்று கேட்டேன். சிரித்தார். இன்னும் எழுதவில்லை.

ஆன்லைனில் படிப்பவர்களிடம் வருகிறேன். இவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெரும்பாலும் வேலையோ குடும்பமோ பார்த்துக்கொண்டு படிப்பவர்கள். 24 வயது ஆகியிருந்தாலோ திருமணமாகியிருந்தாலோ இவர்கள் தனிக் கணக்கு. அப்பா அம்மாவின் வருமானத்தைக் கேட்கவே மாட்டார்கள். அதனால் பெல் கிராண்டுக்கான வாய்ப்பும் கூடும். ஆனால் சேரும் இடத்துக்கு ஃபாஃப்சாவில் ஆறு இலக்கக் குறியீடு இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் மத்திய அரசு உதவி அங்கே செல்லாது. விளம்பரத்தில் "எளிய தவணை" என்று பளிச்சென்று போட்டிருக்கும் பல குறுகிய காலப் படிப்புகளின் கதை இதுதான்.

உள்ளே போன பிறகு இருக்கும் பள்ளம்தான் பெரியது. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர், கிரீன் கார்டு, இரண்டு பிள்ளைகள், ஆன்லைனில் நர்சிங் தொடர்பான பட்டப்படிப்பு. செமஸ்டர் நடுவில் அவர் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. மருத்துவமனையில் உட்கார்ந்தபடி தினமும் வகுப்புத் தளத்தில் லாகின் செய்து பாடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் முடியாமல் விலகினார். கொஞ்ச நாளில் கல்லூரியிலிருந்து பில். "நான் தினமும் லாகின் பண்ணேனே" என்று எங்களிடம் அழுதார். விதி என்னவென்றால், நடுவில் விலகினால் கடைசியாக வருகை இருந்த நாளை வைத்துத்தான் எவ்வளவு உதவி உங்களுடையது என்று கணக்கிடுவார்கள்; லாகின் செய்வது மட்டும் வருகை ஆகாது. வினாடி வினா எழுதியது, அசைன்மென்ட் கொடுத்தது, பாடம் பற்றிய விவாதத்தில் கலந்துகொண்டது, இப்படிப் படிப்பில் ஈடுபட்டதற்குத் தடயம் வேண்டும். அவர் கடைசியாக எதையோ சமர்ப்பித்தது விலகியதற்குப் பல வாரம் முன்பு.

கணக்கு எப்படி என்று உருண்டை எண்களில் பாருங்கள். செமஸ்டர் 110 நாள், உதவி 5,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கடைசித் தடயம் 33ஆம் நாள் என்றால் 30 சதவீதம்தான் அவர் "சம்பாதித்தது", அதாவது 1,500. மிச்சம் 3,500 திரும்பிப் போக வேண்டும். கல்லூரி தன் பங்கை அரசுக்கு அனுப்பிவிட்டு, அதனால் பாக்கி விழுந்த கட்டணத்தைப் பெரும்பாலும் மாணவரிடமே கேட்கும். 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டால், இந்தக் கணக்கில் 67ஆம் நாளிலிருந்து, முழு உதவியும் அவருடையது. ஆகவே விலகும் முன் எய்டு ஆபீஸுக்கு ஒரு போன் போட்டு, "இன்று விலகினால் எவ்வளவு திரும்பக் கேட்பீர்கள், அடுத்த வாரம் என்றால் எவ்வளவு" என்று கேட்பதற்கு நல்ல விலை உண்டு. சொல்லாமல் காணாமல் போவது இன்னும் மோசம். எல்லாப் பாடத்திலும் எஃப் வாங்கியவரின் கடைசி நாளைத் தேடிப்பிடித்து இதே கணக்கைப் போடுவார்கள்.

பல ஆன்லைன் படிப்புகளில் ஒரு செமஸ்டரையே எட்டெட்டு வாரமாக இரண்டாகப் பிரித்திருப்பார்கள். முதல் பாதியை ஒழுங்காக முடித்துவிட்டு, இரண்டாம் பாதியை மட்டும் கைவிட்டாலும் விலகியதாகக் கணக்கு வரலாம். இதற்கு விலக்குகளும் உண்டு என்பதால் அங்கேயும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

விலகிய பாடம் இன்னொரு இடத்திலும் கடிக்கும். எடுத்த கிரெடிட்டில் சுமார் 67 சதவீதமாவது முடித்திருக்க வேண்டும் என்பது பல கல்லூரிகளின் நிபந்தனை. விலகியவையும் எடுத்ததாகவே எண்ணப்படும். அதற்குக் கீழே போனால் உதவி நிற்கும். நோய், குடும்பத்தில் மரணம் போன்ற காரணங்களுக்கு முறையீடு செய்ய அனேகமாக எங்கும் வழி இருக்கிறது. அக்கா அதைச் செய்தார். மருத்துவமனைச் சீட்டுகளை இணைத்து எழுதினார், அடுத்த செமஸ்டருக்கு உதவி தொடர்ந்தது. அந்த பில் மட்டும் போகவில்லை, மாதத் தவணையாகக் கட்டினார்.

வேலை பார்த்துக்கொண்டே மெதுவாகப் படிப்பவர்கள் கவனிக்க: மத்திய அரசுக் கடனுக்குக் குறைந்தது அரைநேரப் படிப்பு வேண்டும், பட்டப்படிப்பில் வழக்கமாக 6 கிரெடிட். பெல் அதற்குக் கீழேயும் குறைந்த அளவில் கிடைக்கலாம். அந்த 2025 சட்டத்தின்படி 2026 ஜூலை முதல், முழுநேரத்தைவிடக் குறைவாகப் படித்தால் வருடக் கடன் வரம்பும் அதே விகிதத்தில் குறையும். போன வருடம் இவ்வளவு வந்ததே என்று அதை நம்பி வாடகைக் கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

கட்டணம் போக மீந்த பணம் கணக்கில் வந்து விழும்போது எல்லோருக்கும் ஒரு சந்தோஷம் வரும். அது பெரும்பாலும் உங்கள் கடன்தான். சட்டப்படி 14 நாளுக்குள் உங்களுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதால் அனுப்புகிறார்கள். தேவையில்லாத பகுதியை, பணம் வந்த 120 நாளுக்குள் திருப்பிவிட்டால் அந்தத் தொகைக்கான வட்டியும் இல்லை, பிடித்த கட்டணமும் நீங்கிவிடும். எய்டு ஆபீஸில் கேட்டால் எப்படித் திருப்புவது என்று சொல்வார்கள். அவர்களாக வந்து சொல்வார்கள் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.