மட்கச் செய்தால் மட்டும் போதாது

கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது தங்கும் கசடை உரமாக்குவது பற்றிய கட்டுரையில், அதை மட்கச் செய்துவிட்டாலே வயலுக்கு ஏற்ற உரமாகிவிடும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது பாதி உண்மைதான். நீண்ட குவியல்களாக மட்கவைக்கும்போது வெப்பநிலை 15 நாட்களுக்கு 55 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்றும், அதற்குள் குவியலை 5 முறையாவது புரட்டிப் போட வேண்டும் என்றும் அமெரிக்காவின் 1993ஆம் ஆண்டு விதிகள் வலியுறுத்துவது வீணாக அல்ல; குவியலின் நடுப்பகுதி தகிக்கும்போதும் மேற்புறம் ஆறியே கிடக்கும், அந்த ஆறிய அடுக்கில் மனிதக் குடலில் வாழும் உருளைப்புழுவின் முட்டைகள் உயிரோடு தங்கிவிடும். வெப்பமானியை நடுவில் மட்டும் செருகிப் பார்த்துப் பதிவேட்டை நிரப்பினால் இது தெரியவே தெரியாது.

நோய்க்கிருமிகள் ஒழிந்தாலும், காட்மியம், ஈயம் போன்ற கன உலோகங்கள் எந்த வெப்பத்துக்கும் அழிவதில்லை. கரிமப்பொருள் சிதைந்து எடை குறைவதால், மட்கிய கசடில் அவற்றின் செறிவு கூடவும் செய்யலாம். எனவே தொழிற்சாலைக் கழிவைச் சாக்கடையில் கலக்கும் முன்பே தடுப்பதுதான் முதல் வேலை என்பேன். கிருமிகளைக் கொல்லச் சுண்ணாம்பு கலந்து, காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 12க்கு உயர்த்தும் முறையைக் கட்டுரை பாராட்டுகிறது. அப்போது மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி, பயிருக்குச் சேர வேண்டிய நைட்ரஜன் காற்றோடு போவதன் அடையாளம் என்பதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.