தண்ணி பீச்சுதுல்ல, அப்புறம் என்ன?

படகின் பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு மோட்டார் சூடாகிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், முதல் கேள்வியே "தண்ணி பீச்சுதா?" என்பதுதான். பீச்சுகிறது என்றால் "அப்புறம் என்ன, ஓட்டு" என்று கையை உதறிவிட்டுப் போவார்கள். இந்த ஒரு பேச்சு எத்தனை பிஸ்டனைப் பொசுக்கியிருக்கும் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

ஐயா, மோட்டாரின் பக்கத்து ஓட்டையில் பீச்சுகிற தண்ணீர், குளிர்விக்கும் தண்ணீரை மேலே ஏற்றுகிற பம்ப் கீழே சுற்றுகிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. பல மோட்டார்களில் அந்தக் கிளை, சூட்டுக்கேற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டுக்குப் போகும் முன்பே பிரிந்துவிடும். உள்ளே தெர்மோஸ்டாட் மூடிய நிலையிலேயே இறுகிக் கிடக்கலாம், தண்ணீர் போகும் வழியெல்லாம் உப்பு படிந்து அடைத்திருக்கலாம். வெளியே மட்டும் ஜோராகப் பீச்சிக்கொண்டிருக்கும்.

என் மோட்டாரில் சூட்டு அலாரம் கத்தியது, கொண்டுபோய்க் கொடுத்தேன். மெக்கானிக் பம்புக்குள் சுற்றுகிற இம்பெல்லரை மாற்றினார். ஒரு சின்ன ரப்பர் சக்கரம் அது, அதை எடுக்க கியர் பெட்டியையே கீழே இறக்க வேண்டும், உப்புத் தண்ணீரில் ஊறிய போல்ட் எது சுழலும் எது முறியும் என்று சாமிக்குத்தான் தெரியும். இப்படி ஒரு இடத்தில் அந்த ரப்பரை வைத்த மகராசன் தன் கையால் ஒரு தடவையாவது கழற்றியிருப்பானா? சரி, அது போகட்டும். கழற்றிய பழைய இம்பெல்லரைக் கையில் வாங்கிப் பார்க்கிறேன், ஒரு இறக்கையின் முனை பிய்ந்து போயிருக்கிறது. அந்தத் துண்டு எங்கே என்று கேட்டால் "அது தண்ணியோட வெளிய போயிருக்கும்" என்கிறார். எப்படிப் போகும்? பம்பிலிருந்து மேலே ஏறுகிற தண்ணீர் அதையும் இழுத்துக்கொண்டுதானே போகும்? மறுபடி அலாரம், மறுபடி சண்டை. கடைசியில் தெர்மோஸ்டாட்டைத் திறந்தால், நகத்தளவு கறுப்பு ரப்பர் அதன் வாயிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது.

அலாரம் நின்றது. எல்லோருக்கும் வேலை முடிந்துவிட்டது! எனக்கு மட்டும் முடியவில்லை, ஏனென்றால் முழு திராட்டிலில் மோட்டார் திணறித் திணறி இறங்கியது, காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுகிற சோக்கைக் கொஞ்சம் இழுத்தால் தெளிந்தது. சோக் இழுத்தால் நன்றாக ஓடுகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை, காற்று கூடுதல், அதாவது லீன். இதைச் சொன்னதற்கு வந்த வைத்தியம்தான் உச்சம்: "சூடாகுதுன்னா ஆயிலைக் கொஞ்சம் கூட ஊத்துங்க."

பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றுகிற டூ ஸ்ட்ரோக்கில் இரண்டும் கார்பரேட்டரில் ஜெட் என்கிற ஒரே சின்னத் துளை வழியாகத்தான் போகின்றன. ஆயில் கூடினால் அதே ஓட்டையில் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையும், கலவை இன்னும் லீன் ஆகும். லீனாக ஓடினால் சூடு ஏறுவது மட்டுமில்லை, பெட்ரோலோடு வரவேண்டிய ஆயிலும் குறைவாகத்தான் வரும், சூடும் வறட்சியும் சேர்ந்து பிஸ்டனைத் தின்னும். அலாரம் இதையெல்லாம் பார்க்காது, அது பிளாக்கின் வெளிச்சூட்டை அளக்கிற சுவிட்ச், பிஸ்டன் தலையில் நடப்பது அதற்கு எங்கே தெரியப்போகிறது?

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்க்கச் சொன்னால் நேரமில்லை என்றார்கள். நானே கழற்றினேன். கீழே இருந்தவை நல்ல பழுப்பு, மேல் சிலிண்டர் பிளக்கின் பீங்கான் மட்டும் சுண்ணாம்பு வெள்ளை, அந்த சிலிண்டர்தான் லீன். இதைக் கண்ணெதிரே காட்டியும் பெட்ரோல் ஹோஸை முழுசாக மாற்றலாம் என்கிறார் மெக்கானிக்! டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலோ, ஹோஸ் முனையின் ஓ-ரிங் காற்று இழுத்தாலோ, பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருந்தாலோ எல்லா சிலிண்டரும் பட்டினி கிடக்கும், ஹோஸில் இருக்கிற ரப்பர் உருண்டையான பிரைமர் பல்பை அமுக்கிப் பெட்ரோலைத் தள்ளினால் மோட்டார் எழுந்துகொள்ளும். என்னுடையது அமுக்கினாலும் அசையவில்லை. ஒரு சிலிண்டர் மட்டும் வெளுத்திருக்கிறது என்றால் அந்த சிலிண்டரின் கார்பரேட்டரைப் பார், அதன் கேஸ்கெட்டைப் பார், அந்தப் பக்கத்து கிராங்க் சீலைப் பார். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டுமா?

"கார்பரேட்டர் கிளீன் பண்ணியாச்சே" என்று பதில். மேலாக ஸ்ப்ரே அடித்துத் துடைப்பதற்குப் பெயர் கிளீனிங்காம். மெயின் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன், துளையில் பாதிக்கு மேல் பழுப்புப் பிசின், ஊசிமுனை அளவுக்குத்தான் வெளிச்சம் வந்தது. உடனே ஒரு கம்பியை எடுத்துக் குத்த வந்தார் பாருங்கள், கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்தத் துளை அளவெடுத்துப் போட்டது, கம்பி கீறினால் அப்புறம் வேறு ஜெட்தான்.

ஜெட் சுத்தமானதும் திணறல் போய்விட்டது. ஆனால் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்த்தால் மேல் சிலிண்டரில் மட்டும் குறைவு, ஹெட்டைத் திறந்தால் சிலிண்டர் சுவரில் நீளமாகக் கோடுகள். தண்ணீரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் விழுந்த கோடுகள் அவை. இனி சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கும் போரிங், அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன், எல்லாச் செலவும் என் தலையில். இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். "பழைய மோட்டார்னா அப்படித்தான் சார்" என்கிறார்.