பியாட்ரிஸ் செபெட்டை உலகச் சாதனையை மட்டும் வைத்து அளக்காதீர்கள்

10,000 மீட்டரை 29 நிமிடத்துக்குள் ஓடிய முதல் பெண், 5,000 மீட்டரை 14 நிமிடத்துக்குள் ஓடிய முதல் பெண். கென்யாவின் பியாட்ரிஸ் செபெட் பற்றி எழுதுகிற எல்லோரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், இதைவிடக் கடினமான வேலையை அவர் பதக்கப் போட்டிகளில் செய்திருக்கிறார்.

கணக்கைப் பாருங்கள். 2024 மே மாதம் அமெரிக்காவின் யூஜின் நகரில் 10,000 மீட்டர் சாதனை: 28:54.14. மொத்தம் 25 சுற்று, சுற்றுக்குச் சராசரி 69.4 நொடி. இரண்டரை மாதம் கழித்து பாரிஸ் ஒலிம்பிக்கில் அதே தூரத்தில் தங்கம் வென்ற நேரம் 30:43.25. ஏறக்குறைய 1 நிமிடம் 49 நொடி அதிகம். இரண்டாவதாக வந்த இத்தாலியின் நாடியா பட்டோக்லெட்டிக்கும் அவருக்கும் இடைவெளி வெறும் 0.10 நொடி.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? சாதனைக்கென்று நடத்தும் ஓட்டத்தில் வேகம் குறையாமல் முன்னால் ஓடி இழுத்துச் செல்லும் பேஸ்மேக்கர்கள் இருப்பார்கள், தடத்தின் உள்விளிம்பில் விளக்குகள் வேகத்தைக் காட்டிக்கொண்டே ஓடும். ஒலிம்பிக்கில் இரண்டும் கிடையாது. முன்னால் ஓடுபவர்தான் எதிர்க்காற்றைத் தாங்க வேண்டும், பின்னால் வருபவர்கள் அந்த மறைவில் தெம்பைச் சேர்த்துக்கொள்வார்கள். அதனால் யாரும் முன்னே போக மாட்டார்கள். கூட்டமாகவே வந்து, கடைசிச் சுற்றில் வெடித்துக் கிளம்புவார்கள்.

அங்கே கால் வேகம் மட்டும் போதாது. உள்தடத்தை ஒட்டியே ஓடினால் முன்னும் பக்கமும் ஆள் அடைத்து, நகர வழியில்லாமல் மாட்டிக்கொள்ளலாம். அதற்குப் பயந்து ஒரு வளைவு முழுக்க இரண்டாவது தடத்தில் ஓடினால், தடத்தின் அகலம் 1.22 மீட்டர் என்பதால், கிட்டத்தட்ட 4 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். கடைசிச் சுற்றின் வேகத்தில் அது அரை நொடிக்கு மேல். 0.10 நொடியில் தங்கம் முடிவாகிற இடத்தில் அரை நொடி என்ன பாடுபடுத்தும்!

இந்த அரை நொடிக்குள்தான் செபெட் இருமுறை தோற்றும் இருக்கிறார். 2022 உலகப் போட்டி 5,000 மீட்டரில் எத்தியோப்பியாவின் குடாஃப் செகாயிடம் 0.46 நொடியில் தங்கம் போனது. 2023 புடாபெஸ்ட் உலகப் போட்டியில் அதே தூரத்தில் முதல் மூன்று பேரும் அரை நொடிக்குள் வந்தார்கள். சக கென்யர் ஃபெய்த் கிப்யேகானுக்குத் தங்கம், செபெட்டுக்கு வெண்கலம். அதன்பிறகு அவர் 10,000 மீட்டரையும் சேர்த்துக்கொண்டது சரியான முடிவு என்பது என் கருத்து. நீண்ட தூரத்தின் உரம் ஏறினால் 4,600 மீட்டர் ஓடி முடித்த பிறகும் கால் தளராது. 2025 டோக்கியோ உலகப் போட்டியில் இரண்டு தூரத்திலும் தங்கம். அங்கே 5,000 மீட்டர் நேரம் 14:54.36, இரண்டரை மாதம் முன்பு யூஜினில் அவர் ஓடிய சாதனையோ 13:58.06. அந்த மெதுவான ஓட்டத்திலும் கிப்யேகானைக் கடைசியில் முந்தினார்.

"மலைக்காற்று, கென்ய ரத்தம்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அதே மலைக்காற்றில் ஆயிரக்கணக்கானோர் ஓடுகிறார்கள். கென்யாவின் கெரிச்சோவிலிருந்து வந்த இந்தப் பெண், புல்வெளி, மேடுபள்ளங்களில் ஓடும் குறுக்குநாட்டு ஓட்டத்தில் படிப்படியாக வளர்ந்தவர். 2019 ஆர்ஹூஸ் உலகக் குறுக்குநாட்டுப் போட்டியில் 20 வயதுக்குட்பட்டோர் பிரிவில் முதல் மூவருக்கும் ஒரே நேரம், 20:50. எல்லைக்கோட்டில் எடுத்த புகைப்படம்தான் செபெட்டை முதலிடத்தில் வைத்தது. 2023 பாதர்ஸ்டில் நடந்த அதே போட்டியில் முன்னணியில் இருந்த எத்தியோப்பியாவின் லெட்டெசென்பெட் கிடே எல்லைக்கோட்டுக்குச் சில மீட்டர் முன்பு தடுமாறி விழ, பின்னால் விடாமல் துரத்திக்கொண்டு வந்த செபெட் ஜெயித்தார். அதிர்ஷ்டம் என்று சொன்னவர்களுக்கு மறு ஆண்டே பெல்கிரேடில் மீண்டும் ஜெயித்துப் பதில் கொடுத்தார்.

இனி மாரத்தானுக்குப் போகச் சொல்லி அழுத்தம் வரும், அங்கேதான் பணம் இருக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் வரைக்கும் அவர் தட ஓட்டத்திலேயே இருக்க வேண்டும் என்று மனசார விரும்புகிறேன். அப்போதும் அவருக்கு 28 வயதுதான். மாரத்தான் ஜாம்பவான் எலியுட் கிப்சோகே 2013 ஹாம்பர்க்கில் முதல் மாரத்தான் ஓடியதும் அந்த வயதில்தான்.