நகரிக்காரர் எந்த மாநிலத்துக் கணக்கு?

எச்.ஐ.வி. எண்ணிக்கை பற்றி ஏதாவது செய்தி வந்தால் போதும், எங்கள் பக்கத்து வாட்ஸப் குழுக்களில் குட்டிச் சண்டை மூண்டுவிடும். 'உங்க ஆந்திராலதான் ஜாஸ்தி' என்பார் திருத்தணிக்காரர். 'லாரி பூரா உங்க பக்கத்துலேர்ந்துதானே வருது' என்பார் புத்தூர்க்காரர். நகரி இருப்பது ஆந்திரத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம். அந்தப் பக்கத்துத் தமிழனான எனக்கு இரண்டு பேருமே சொந்தம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன். அந்த எண்ணை வைத்து ஒரு ஊரின் யோக்கியதையை எடை போடாதீர்கள். அது எப்படி வருகிறது என்று தெரிந்தால் போடவும் மாட்டீர்கள்.

வீடு வீடாகப் போய் எல்லோரிடமும் ரத்தம் எடுப்பது நடக்கிற காரியமில்லை. இந்தியாவில் 1998 முதல் நடப்பது மாதிரிக் கணக்கெடுப்பு. தேர்ந்தெடுத்த மருத்துவமனைகளில், கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும் பெண்கள் மையத்துக்கு 400 பேர். பாலியல் தொழிலாளர்கள், ஊசி மூலம் போதை ஏற்றுபவர்கள் போன்றோருக்குத் தனி மையங்கள். அங்கே 250 பேர். வேறு சோதனைக்கு எடுத்த ரத்தத்தில் மிச்சமிருப்பதை, பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டுச் சோதிப்பது என்பதுதான் கர்ப்பிணிகள் விஷயத்தில் நெடுங்காலம் இருந்த முறை. இதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. பெயர் இல்லாததால், தொற்று இருப்பது தெரிந்தாலும் அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்ல வழியில்லை. அதற்காகத்தான் ஒப்புதல் கேட்டு, ஆலோசனை சொல்லி, முடிவை அவரவரிடமே சொல்லும் பரிசோதனை மையங்கள் தனியாக இருக்கின்றன. தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்கிறார்களே, அதுதான். முதல் சோதனை நாட்டுக்கு, இரண்டாவது ஆளுக்கு.

ஆந்திரத்திலேயே இந்தக் கணக்கு ஒருமுறை வசமாகச் சறுக்கியது. 2004-05இல் குண்டூர் மாவட்டத்தில் ஆய்வாளர்கள் வீடுகளிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மருத்துவமனை மாதிரிகளை வைத்துப் போட்ட கணக்கில் மாவட்டத்தில் 1,12,000 பேருக்கு மேல் தொற்று இருக்க வேண்டும். வீட்டுக் கணக்கில் வந்தது சுமார் 46,000. இரண்டரை மடங்கு வித்தியாசம்! யாரும் பொய் எழுதவில்லை. அரசு மருத்துவமனைக்கு வருகிறவர்களில் ஏழைகள் அதிகம். அதோடு, தனியார் மருத்துவர்கள் தொற்று இருப்பதாகத் தெரிந்தவர்களையும் சந்தேகப்பட்டவர்களையும் அங்கேதான் அனுப்பிவைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் கண்டதை மாவட்டம் முழுவதற்கும் பெருக்கினால் வேறென்ன வரும்?

அப்புறம் நாடு முழுக்க இதே கதை. 2006இல் இந்தியாவில் 57 லட்சம் பேருக்குத் தொற்று என்று ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு மதிப்பிட்டது. தென்னாப்பிரிக்காவையே முந்திவிட்டோம் என்று பத்திரிகைகள் எழுதின. அடுத்த ஆண்டே அது சுமார் 25 லட்சமாக இறங்கியது. ஒருவரும் குணமாகிவிடவில்லை. 2005-06 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஒரு லட்சம் பேருக்கு மேல் ரத்தம் சோதித்ததில் உண்மை அளவு தெரிந்தது, அவ்வளவுதான். அதில் அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரம் 0.97 விழுக்காடு, தமிழ்நாடு 0.34. ஆந்திரத்தில் அதிகம் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பு பேசிய பேச்சுக்கு அது எவ்வளவோ குறைவு.

இப்போது எங்கள் எல்லைக்கு வருகிறேன். தறி ஓட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பல வருடமாக எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து சாப்பிடுகிறார், நன்றாக இருக்கிறார், இரண்டு ஷிப்ட் பார்க்கிறார். மாத்திரைக்கு ஏகாம்பரகுப்பத்தில் ரயிலேறித் தமிழ்நாட்டுப் பக்கம் போகிறார். ஏன் அண்ணா, நம்ம ஜில்லாவிலேயே கிடைக்குமே என்றேன். "தம்பி, இங்கே க்யூவுல நின்னா, நான் வீடு வந்து சேர்றதுக்குள்ள சேதி வீட்டுக்கு வந்துடும்" என்றார். அவர் வீடு ஆந்திரத்தில், பதிவேடு தமிழ்நாட்டில். இதையே தலைகீழாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இருக்கிற பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து இந்தப் புறம் வருகிறவர்கள். சித்தூர்க்காரர்களைக் கேட்கவே வேண்டாம், காய்ச்சல் என்றாலே வேலூருக்கு பஸ் பிடிக்கிற ஆட்கள். (இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றே 1986இல் அந்த வேலூரில்தான் கண்டறியப்பட்டது. சென்னையில் மாணவி நிர்மலா திரட்டிய ரத்த மாதிரிகளை, அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையில் சோதித்தார்கள்.)

ஆக, எல்லையோர மையத்தின் பதிவேடு காட்டுவது யார் எங்கே வெட்கப்படாமல் நிற்க முடிகிறது என்பதையும் சேர்த்துத்தான். அதைப் பார்த்து 'இங்கே ஆள் குறைவு, மையம் எதற்கு' என்று எந்த அதிகாரியாவது எழுதினால் அதைவிட அபத்தம் இல்லை.

எண் கையில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இரண்டு நாடுகள். தாய்லாந்து 1989இல் கண்காணிப்பைத் தொடங்கியதுமே சியாங் மாயில் பாலியல் தொழிலாளர்களில் 44 விழுக்காட்டினருக்குத் தொற்று என்று தெரிந்தது. மூடி மறைக்கவில்லை. 1991இல் பாலியல் விடுதிகளில் ஆணுறை கட்டாயம் என்பதை நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள், புதிய தொற்று சரிந்தது. தென்னாப்பிரிக்காவில் கர்ப்பிணிகளிடம் ஆண்டுதோறும் கணக்கெடுத்தார்கள். எண் ஏறுவது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. ஆனால் அதிபர் இம்பெக்கி, எச்.ஐ.வி.யால்தான் எய்ட்ஸ் வருகிறதா என்றே சந்தேகம் கிளப்பிக்கொண்டிருந்தார், மருந்து தாமதமானது. அந்தத் தாமதத்தில் 3,30,000 உயிர்களுக்கு மேல் போனதாக ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டார்கள். எண்ணே இல்லாமல் போகிற ஆபத்தும் இப்போது வந்திருக்கிறது. பல ஏழை நாடுகளில் குடும்பநலக் கணக்கெடுப்பு அமெரிக்கப் பணத்தில் நடந்தது. 2025 பிப்ரவரியில் அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். நம் நாட்டில் மருந்துச் செலவு பெரும்பாலும் நம் அரசுப் பணம் என்பது ஒரு நிம்மதி.

சரி, நம் ஊருக்கு என்ன வேண்டும்? எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் சொல்கிறார், யார் யாருக்கு இருக்கிறதென்று பட்டியல் ஒட்டிவிட வேண்டுமாம். ஒட்டினால் அதன் பிறகு சோதனைக்கு யார் வருவார்கள்? சோதனைக்கு வராதவருக்கு மருந்தில்லை. மருந்தைத் தொடர்ந்து எடுத்து ரத்தத்தில் கிருமி அளவு கண்டறிய முடியாதபடி குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை என்பது நிரூபணமான விஷயம். பெரியவர் கேட்பது தொற்றைப் பெருக்குகிற வழி. தவிர, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, நம்பிச் சொன்ன ஒருவருடைய நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது.

அந்தச் சட்டத்திலும் எனக்கு ஒரு குறை. புகார் கேட்க அலுவலர் வைக்க வேண்டும் என்பது 100 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்கு, மருத்துவமனை என்றால் 20 பேர். எங்கள் தறிக் கொட்டகையில் நூறு பேருக்கு எங்கே போவது? பத்துப் பேர் இருந்தால் பெரிது. அங்கே வேலையை விட்டு நிறுத்தினால் மாநில அளவிலான ஆம்புட்ஸ்மன் என்கிற குறைதீர்ப்பாளர் வரை போக வேண்டும், அப்படி ஒருவர் இருப்பதே அண்ணனுக்கு நான் சொல்லித்தான் தெரியும்.

2020 ஊரடங்கில் மூன்று மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுத்தார்கள், பக்கத்தில் எந்த மையமோ அங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். எல்லை மாவட்டங்களிலாவது அதை எப்போதைக்கும் வழக்கமாக்குங்கள்: நகரிக்காரர் நகரியிலோ திருத்தணியிலோ, எங்கே கூச்சமில்லையோ அங்கே வாங்கட்டும். எந்த மாநிலக் கணக்கில் எழுதுவது என்பதை இரண்டு மாநில அதிகாரிகளும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். ஒரு மாத மாத்திரைக்காக ஒரு ஷிப்ட் கூலியை விடுகிற வேலை அண்ணனுக்கு எதற்கு?